தட்டைத் தாழ்வாரம்

ஜெசிந்தாவைப் பயமுறுத்திப் பார்ப்பதற்காகத்தான் அழைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு, “ஆரம்பிங்கம்மா. என்னை ஒரே ஒரு தடவை அலற வெச்சிட்டீங்கன்னா உங்க ஆபீசுக்கே பிரியாணி வாங்கித் தரேன்” என்றார்.

இளவேனில் விளையாட்டைத் தொடங்கினாள். திரையில் ஒரு நீண்ட தாழ்வாரம் வந்தது. கரிக்கோட்டில் வரைந்தது போன்ற ஒரு பெண், பக்கவாட்டில் மட்டும் தெரிபவள், இடமிருந்து வலமாக நடந்தாள். அவள் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இரண்டே பொத்தான்கள்: ஒன்று நடக்க, மற்றது நிற்க. சுவரில் வரிசையாகக் கதவுகள். எல்லாமே தட்டை. தாளில் வரைந்து ஒட்டியது போல இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் திரையின் இடது ஓரத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது. என்னவென்று சொல்ல முடியாது. உயரமாக இருந்தது, அவ்வளவுதான். பெண் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அந்த விளையாட்டில் வழியே கிடையாது.

ஜெசிந்தா கடைசிவரை நடந்து முடித்துவிட்டுப் பட்டையைக் கழற்றினார். பக்கத்துத் திரையில் அவருடைய நாடித்துடிப்பு ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே மட்டத்தில் ஓடியிருந்தது.

“படம் அழகா இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணும் ஆகல” என்றார். குரலில் உண்மையாகவே ஏமாற்றம் இருந்தது.

ஜெசிந்தா வடசென்னையில் ஒரு ரசாயன ஆலையின் தீயணைப்புப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர். சில வருடங்களுக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தார். நினைவு, பேச்சு, நடை எல்லாம் பழையபடியே திரும்பின. ஒன்றைத் தவிர. “மூளைல பாதாம் பருப்பு மாதிரி ரெண்டு இருக்காம். பயம் அங்கதான் உக்காந்திருக்குமாம். காய்ச்சல் அதைத் தின்னுட்டுப் போயிடுச்சுன்னு டாக்டர் அப்புறமாத்தான் சொன்னாரு” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். டாக்டர் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்த தீயில், யாராக இருந்தாலும் வாசலிலேயே நின்றிருக்கக்கூடிய ஒரு கிடங்குக்குள் நேராக நடந்து போனார். தணிகாசலம் என்று அவருடைய ஆள் ஒருவன் பின்னாலேயே வந்தான். அவர் வெளியே வந்தார். அவன் வரவில்லை.

“மேடமே போறாங்க, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நம்பி வந்தான். எம் மூஞ்சியில பயம் இருந்திருந்தா அவன் நின்னிருப்பான்” என்றார். அத்தோடு வேலையை விட்டுவிட்டார். பயம் எங்காவது கிடைக்குமானால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த அலுவலகத்துக்கு வந்து போனார்.

பெருங்குடியில் மூன்றாவது மாடியில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். இளவேனிலும் சாதிக்கும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், இருவரும் பங்குதாரர்கள். அவள் நிரல் எழுதுவாள், அவன் படம் வரைவான். விளையாட்டுக்குத் ‘தாழ்வாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை உள்ளிருந்து நடத்துகிற நிரலுக்கு ‘ஆந்தை’ என்று பெயர். விளையாடுகிறவரின் நாடி, வியர்வை, கண்ணின் பாவை எல்லாவற்றையும் ஆந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது என்று கற்றுக்கொண்டு, அதற்கேற்றபடி தாழ்வாரத்தை மாற்றும்.

ஜெசிந்தா போன பிறகு சாதிக் கேட்டான். “பயமே இல்லாதவங்கள வெச்சு பயத்த அளக்கிறது என்ன கணக்கு?”

“ஓடினாலும் துடிப்பு ஏறும், சந்தோஷத்துலயும் ஏறும். எது பயம், எது வெறும் பரபரப்புன்னு ஆந்தைக்கு எப்படித் தெரியும்? பயமே வராத ஒருத்தர் விளையாடினா, அவங்க துடிப்ப மத்தவங்களோடதுல இருந்து கழிச்சிட்டா மீதி நிக்கிறது பயம்.”

“நீ கழி, கூட்டு, என்ன வேணா பண்ணு. தட்டையா ஓடுற படத்தப் பாத்து யாரு பயப்படுவா வேனில்? த்ரீ டில முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கும். திரும்பணும். இதுல முதுகே கிடையாதே.”

“அதேதான் சாதிக். அதுல நீ அந்த ஆளுக்குள்ள இருக்க. பயமா இருந்தா திரும்பிக்கலாம், ஓடலாம். இதுல நீ வெளில நிக்கிற. பின்னாடி ஒண்ணு வருதுன்னு உனக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. சொல்லவும் உன்னால முடியாது. அப்புறம், நீ முழுசா வரைஞ்சு குடுத்தா அது உன்னோட பேய். பாதிய விட்டுட்டா, மீதியப் பாக்குறவங்க போட்டுக்குவாங்க. அது அவங்களோட பேய்.”

அவனை நம்ப வைப்பதற்காகப் பட்டையைக் கட்டி உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம்தான் விளையாடினான். திடீரென்று பட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, ஒரு போன் பேச வேண்டும் என்று எழுந்து போனான். பிறகு அதன் பக்கமே வரவில்லை. தட்டை விளையாட்டு அவனுக்குச் சலிப்பு என்று இளவேனில் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நன்றாகப் பயப்படுகிற ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. அவளுடைய தங்கை நறுமுகை வேளச்சேரியில் அவளோடுதான் தங்கியிருந்தாள். முகை பயத்தோடு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். லிஃப்டில் ஏற மாட்டாள். தெருநாய்க்குப் பயந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு ஆட்டோ பிடிப்பாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். நேர்முகத் தேர்வுக்குப் போய், கம்பெனி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தது எத்தனையோ முறை. “இவள எப்படிடி ஒருத்தன் கையில புடிச்சுக் குடுப்பேன்?” என்று வந்தவாசியிலிருந்து அம்மா போனில் அழுவாள்.

முகை ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளையாட ஆரம்பித்தாள். ஆந்தை அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது. பின்னால் வரும் உயரமான உருவத்துக்கு அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை என்று கண்டு அதை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாகத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தது. அதிலிருந்து எதுவும் வராது. கடைசிவரை எதுவும் வந்ததே இல்லை. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் முகை பொத்தானை விட்டுவிட்டு அழுதாள்.

“மூடியிருந்தா பரவால்லக்கா. தொறந்திருந்தாலும் பரவால்ல. கொஞ்சமா தொறந்திருக்கு பாரு.”

“போதும்னா விட்டுடு முகை.”

“இல்ல, நாளைக்கும் வரேன். முடிச்சதும் உடம்பு என்னமோ லேசாயிடுது.”

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். இளவேனிலும் விளையாடினாள். ஆந்தையில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் தன்மேல்தான் பரிசோதிப்பாள். உலகத்தில் வேறு யாரும் அவள் அளவுக்கு அந்தத் தாழ்வாரத்தில் நடந்திருக்க முடியாது.

மணிக்கட்டுப் பட்டையோடு விளையாட்டு வெளிவந்தபோது, தட்டைப் படமா நம்மைப் பயமுறுத்தும் என்று கேலி பேசிக்கொண்டுதான் பலர் அதைத் தொட்டார்கள். கல்லூரிப் பையன்கள் பந்தயம் கட்டி விளையாடி, பாதியில் போனைத் தூக்கி எறிகிற காட்சிகள் எல்லோர் கைக்கும் வந்தன. லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். சில மாதங்கள் போனதும் வேறுவிதமான பேச்சு கிளம்பியது. ஊசிக்குப் பயந்தவன் ரத்ததானம் செய்தேன் என்றான். மேடை ஏறினால் நடுங்கும் பெண், கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் முன்னால் பாடினேன் என்றாள். தினமும் கொஞ்ச நேரம் தாழ்வாரத்தில் நடந்தால் பயம் விட்டுப்போகிறது என்று டிவியில் ஒரு மனநல மருத்துவரே சொன்னார்.

முகை லிஃப்டில் ஏறினாள். நேர்முகத் தேர்வில் காலை ஆட்டிக்கொண்டு பதில் சொல்லி வேலை வாங்கினாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தெருநாய்களின் தலையைத் தடவினாள். அம்மா வந்தவாசியிலிருந்து அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, பெரியவளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “அவளுக்கு நீதாண்டி மறுபிறவி குடுத்த.”

அந்த நாட்களில் ஒரு மதியம் ஜெசிந்தா அலுவலகத்துக்கு வந்தார். மொட்டைமாடியில் காற்று வாங்கப் போனவர் சீக்கிரமே இறங்கி வந்து இளவேனிலின் எதிரில் உட்கார்ந்தார்.

“மேல கைப்பிடிச் சுவத்துல காலைத் தொங்கப் போட்டு உக்காந்து சாப்பிடுதே, அந்தப் பொண்ணு யாரு?”

“என் தங்கச்சிதான் மேடம். முன்னாடியெல்லாம் ரெண்டாவது மாடி சன்னல்கிட்டகூட வர மாட்டா. இப்ப பாருங்க!”

“பாத்தேன். காலைல ரோட்டக் கடக்கும்போதும் பாத்தேன். அவ கழுத்து எந்தப் பக்கமும் திரும்பல. லாரி ஹாரன் அடிச்சான். அவளுக்குத் தூக்கிவாரிப் போடல. சிரிச்சிட்டே போறா.” ஜெசிந்தா தன் கையைப் பார்த்துக்கொண்டார். “அது என் நடை வேனில். எனக்குத் தெரியாதா?”

“துணிச்சல் வந்திருக்கு மேடம். அதான்.”

“துணிச்சல் வேறம்மா. என் ஆளுங்கள்ல துணிச்சலானவன் அத்தனை பேரும் உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வருவான். கை நடுங்கிட்டேதான் குழாயப் புடிப்பான். அவ கிட்ட நடுக்கம் இல்ல. அது போயிடுச்சு.”

ஜெசிந்தா போன பிறகு இளவேனில் ஆந்தையிடமிருந்த நாடிக் கோடுகளைத் திறந்து பார்த்தாள். முகையின் முதல் வாரக் கோடு மலைத்தொடர் மாதிரி எகிறி விழுந்தது. போகப்போக மேடுகள் தாழ்ந்தன. கடைசி மாதத்தில் நேர்கோடு. அதன் பக்கத்தில் ஜெசிந்தாவின் கோட்டை வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. வேறு ஆட்களுடையதைத் திறந்தாள். சேலம், மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர். முதலில் விளையாடத் தொடங்கியவர்கள் எல்லோரும் அந்த நேர்கோட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

சாதிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பயமுறுத்துறது வெறும் படம்னா மூளை பழகிட்டு விட்டுடும்” என்று விளக்கினாள். “ஆந்தை படத்தக் காட்டல. ஒவ்வொருத்தருக்கும் அவங்களுக்குள்ள இருக்கிற பயத்தையே தேடி எடுத்துக் குடுக்குது. திரும்பத் திரும்பக் குடுக்குது. ஒரு தடவகூட எதுவும் நடக்கல. அப்ப மூளை என்ன நினைக்கும்? இந்த மணி சும்மா சும்மா அடிக்குது, கழட்டி வெச்சிடலாம்னு. கழட்டி வெச்சிடுச்சு.”

சாதிக்கின் முகம் வெளுத்தது. “எல்லா மணியையுமா?”

“அப்படித்தான் தெரியுது.”

“இது வெளில தெரிஞ்சா நம்மள உள்ள தள்ளிடுவாங்க வேனில். எனக்கு மூணு வயசுல பொண்ணு இருக்கா. முதல்ல ஒரு வக்கீலப் பாப்போம். அவசரப்பட்டு எதுவும் செஞ்சிடாத.”

“சரி. அடுத்த வாரம் பாக்கலாம்” என்றாள் இளவேனில். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். அன்றைக்கு எலுமிச்சை சாதம். ருசித்துச் சாப்பிட்டாள். அடுத்த வாரமும் வக்கீலைப் பார்க்க நேரம் அமையவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே போயிற்று. அதனால் என்ன ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

மழைக்காலம் முற்றிப் புயல் வந்தது. பிற்பகலில் கரையைக் கடக்கும், யாரும் வெளியே வர வேண்டாம் என்று காலையிலிருந்தே அறிவித்துக்கொண்டிருந்தார்கள். இளவேனில் வழக்கம்போல அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வேறு யாரும் வரவில்லை. ஜெசிந்தா மட்டும் மணலியிலிருந்து அத்தனை தூரம் காரை ஓட்டிக்கொண்டு நனைந்து வந்து சேர்ந்தார்.

“அந்த ஆந்தைய நிறுத்துற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கப் போறதில்ல” என்று அவர் உட்கார்ந்தபோது சாதிக்கின் போன் வந்தது. அவன் வீடு கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருந்தது. பேச முடியாமல் மூச்சு வாங்கினான்.

“வேனில், முகை இங்க நிக்கிறா. கடலுக்குள்ள. அவ மட்டும் இல்ல, நிறைய பேர். சீக்கிரம் வா.”

இருவரும் ஜெசிந்தாவின் காரில் போனார்கள். மரங்கள் விழுந்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு கடற்கரையை அடைந்தபோது வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. ஐம்பது அறுபது பேர் தண்ணீருக்குள் நின்றார்கள். முழங்கால் அளவில் சிலர், இடுப்பளவில் பலர். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். கும்மாளம் இல்லை, கூச்சல் இல்லை. யாரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் விசிலை ஊதி ஊதிக் களைத்திருந்தார். குப்பத்து ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நின்று, எட்டியவர்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து வந்து கரையில் விடப்பட்டவர்கள் மறுபடியும் திரும்பி நடந்தார்கள்.

“பைத்தியமா புடிச்சிருக்கு இதுங்களுக்கு? பெத்தவங்க இல்லையா?” என்று ஒரு மீனவப் பெண் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

சாதிக் ஈர மணலில் மண்டியிட்டிருந்தான். “என்னால உள்ள போக முடியல. காலு வரல வேனில். கூப்பிட்டேன். கையாட்டிச் சிரிக்கிறா.”

இளவேனிலும் ஜெசிந்தாவும் தண்ணீரில் இறங்கினார்கள். முகை இடுப்பளவு நீரில், நீலச் சுடிதார் உடம்போடு ஒட்டியிருக்க, தலைமுடியைக் கோதிக்கொண்டு நின்றாள்.

“வாக்கா. எவ்ளோ பெருசு பாரு.”

“வீட்டுக்குப் போலாம் வா.”

“போலாமே. என்ன அவசரம்?”

இளவேனில் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என்ன அவசரம்? தூரத்தில் கடல் ஒரு சுவர் போல எழுந்துகொண்டிருந்தது. அதன் மேல்விளிம்பில் ஒரு வெள்ளைக்கோடு நெளிந்து ஓடியது. எவ்வளவு சுத்தமான கோடு என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜெசிந்தா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். “வேனில். உனக்குப் பயமா இருக்கா?”

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். நெஞ்சில், வயிற்றில், கால்களில். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்த சமையலறை மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் அமைதியாக இருந்தன.

“இல்ல மேடம்.”

“எனக்கும் இல்ல. அப்ப நாம மூணு பேரும் நிக்கக் கூடாத எடத்துல நிக்கிறோம். கடலப் பாக்காத. கரையப் பாரு. அந்தத் தம்பி மூஞ்சியப் பாரு!”

இளவேனில் திரும்பினாள். சாதிக் எழுந்து நின்றிருந்தான். வாய் பிளந்திருந்தது. கண்கள் அவர்களுக்குப் பின்னால் எதையோ பார்த்து விரிந்திருந்தன. இரண்டு கைகளாலும் காற்றை இழுத்து இழுத்து அவர்களைக் கூப்பிட்டான். தொண்டை கிழியக் கத்தியது கேட்கவில்லை, தெரிந்தது.

“இப்பல்லாம் நான் ரோடு கடக்கிறதே இப்படித்தான்” என்று ஜெசிந்தா அவள் காதருகே கத்தினார். “பயப்படத் தெரிஞ்சவங்க மூஞ்சியப் பாத்து. நட! அந்த மூஞ்சிய விடாமப் பாத்து நட!”

ஆளுக்கொரு பக்கம் முகையின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் மறுக்கவில்லை, உதவவும் இல்லை. கயிறு கட்டிய ஆண்களின் கை எட்டியபோது பின்னாலிருந்து தண்ணீர் மோதி மூவரையும் மணலில் தள்ளியது. எழுந்து பார்த்தபோது நின்றிருந்தவர்களில் பலரைக் காணவில்லை. மிச்சமிருந்தவர்கள், பக்கத்தில் காலியாகிவிட்ட இடங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் அலறவில்லை. பிறகு மறுபடியும் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சாதிக் ஓடிவந்து முகையைக் கட்டிப்பிடித்துத் தேம்பினான். அவன் உடம்பு முழுக்கக் குலுங்கியது. முகை துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, “தண்ணி நல்லா கதகதன்னு இருந்துச்சு சாதிக் அண்ணா” என்றாள்.

“நீ ஏன் மாறல?” என்று இளவேனில் அவனைக் கேட்டாள்.

“நான்தான் விளையாடலையே. அன்னிக்குக் கொஞ்ச நேரம் நடந்தேன். பின்னாடி ஒண்ணு நின்னுச்சு. எங்க வாப்பா நிக்கிற மாதிரியே இருந்துச்சு, செத்துப் போனவரு. பட்டையத் தூக்கிப் போட்டுட்டு ஓடினேன். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீ சொன்னது சரிதான். தட்டைப் படத்துக்கு இவ்வளவு பயம் வரும்னு நான் நினைக்கல.”

அன்று மாலையே இளவேனில் ஆந்தையை நிறுத்தினாள். ஆந்தை இல்லாத தாழ்வாரத்தில் ஒரு கரிக்கோட்டுப் பெண் சும்மா நடந்துகொண்டிருந்தாள். நாளடைவில் ஆட்கள் விலகினார்கள். பயம் திரும்ப வருமா என்று கேட்டதற்கு மருத்துவர்கள், தெரியவில்லை, காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். கடலில் போனவர்களின் வீட்டார் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணையில் இளவேனில் எதையும் மறைக்கவில்லை. எப்போது தெரிந்தது, தெரிந்தும் எத்தனை நாள் சும்மா இருந்தாள் என்பதையெல்லாம் குரல் மாறாமல் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். அப்போதும் அவள் பின்வாங்கவில்லை. மறுநாள் பத்திரிகைகள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதின. அந்தத் தாயின் முகத்தை நினைத்து அவள் வீட்டில் வெகுநேரம் அழுதாள். துக்கம் இருந்தது, குற்ற உணர்வு இருந்தது. அவை எல்லாம் பத்திரமாகவே இருந்தன.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களைத் தேடி ஒருவர் வந்தார். ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் மேலாளர். மரியாதையாகப் பேசினார். முதலில் இறந்தவர்களுக்காக வருத்தம் தெரிவித்தார்.

“எங்க கஷ்டத்தையும் கேளுங்க மேடம். ஆளுங்க உயரத்துக்கு ஏற மாட்டேங்கிறாங்க. வந்த ரெண்டாம் நாளே பாதிப் பேர் ஊருக்கு ரயிலேறிடுறாங்க. வலை கட்டு, பெல்ட்டு குடு, காத்தடிச்சா வேலைய நிறுத்துங்கிறாங்க. உங்க ஆந்தை எங்களுக்கு மட்டும் வேணும். வெளில போகாது.”

“அவங்க கேக்குறது நியாயம்தானே? வலையக் கட்டிக் குடுங்க” என்றாள் இளவேனில்.

“கட்டிட்டுத்தான் இருக்கோம்.” அவர் சிரித்தார். பிறகு சாதிக்கின் பக்கம் திரும்பினார். “உங்க கேசை எங்க வக்கீல்களே பாத்துக்குவாங்க சார். ஜெயில் அது இதுன்னு நீங்க மனசக் குழப்பிக்க வேணாம். குழந்தை இருக்கு இல்ல உங்களுக்கு?”

இளவேனில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் ஆந்தையில் சாதிக்குக்கும் சம உரிமை இருந்தது. சில நாட்கள் கழித்து அவன் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். கண்கள் குழி விழுந்திருந்தன.

“கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“ஏன் சாதிக்?”

“பயம். வேற என்ன? கதவு தட்டினா போலீஸோன்னு தோணுது. சோறு எறங்கல. எம் பொண்ணு என்னைப் பாக்க ஜெயிலுக்கு வர்ற மாதிரி கண்ணுக்குள்ள ஓடுது. உனக்கு இது புரியாது வேனில். உனக்கு எப்படிப் புரியும்?”

அவளுக்கு வார்த்தைகள் எல்லாம் புரிந்தன. அன்று இரவே ஜெசிந்தாவிடம் போனில் சொன்னாள்.

“அன்னிக்கு நம்மளக் கரை சேத்ததும் அந்த மூஞ்சிதாம்மா” என்றார் அவர். “பயம் இருந்தாலே எல்லாம் சரியா நடக்கும்னு நான் நினைச்சிட்டிருந்தேன்.”

இருவரும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நேர்மையானவர்தான். பெருங்குடியிலேயே, இவர்கள் அலுவலகத்துக்கு எதிரே அந்த நிறுவனம் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு நேரில் போனார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்திருந்த தொழிலாளர்களைத் தனித்தனியாக அழைத்து, இங்கே வேலை செய்ய உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டார். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்றும் கேட்டார். இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதிகாரி அதையே எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் முகை சாப்பாட்டுப் பையோடு அக்காவைப் பார்க்க வந்தாள். சன்னலோரம் நின்று எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். சுவர் எழுப்பாத மேல்தளத்தின் விளிம்பில் தொழிலாளர்கள் வரிசையாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன். மணிக்கட்டில் பட்டை. யாரும் கீழே பார்க்கவில்லை. நல்ல காற்று அடித்தது, அவர்களுடைய சட்டைகள் படபடத்தன. வலை எங்கும் கட்டியிருக்கவில்லை.

“எவ்ளோ நிம்மதியா இருக்காங்க பாருக்கா” என்றாள் முகை.

இளவேனில் அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். தனக்குள் ஒன்றும் அசையவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தன் மேசையில் உட்கார்ந்திருந்த சாதிக்கின் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள்.

அவன் எழுந்து போய், தன் பக்கத்துச் சன்னலின் திரைச்சீலையை இழுத்து மூடினான்.